அமர்ந்தே கழியும் பள்ளி நாள்

வரவையும் செலவையும் எழுதிப் பார்ப்பது வங்கி வாடிக்கையாளர்களுக்குப் பழக்கமான செயல். அதே முறையில் ஒரு பள்ளி மாணவியின் ஒரு நாளை எழுதிப் பார்ப்போம். பெருநகர் ஒன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்று வைத்துக்கொள்வோம். காலையில் பள்ளி வேனில் முக்கால் மணி நேரம் அமர்கிறாள். பள்ளியில் 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. அவை மட்டுமே 320 நிமிடங்கள். திரும்பும் வழியில் மீண்டும் முக்கால் மணி நேரம். மாலையில் டியூஷன் ஒன்றரை மணி நேரம், இரவில் வீட்டுப்பாடம் இரண்டு மணி நேரம், அதற்குப் பின் கைபேசியோ தொலைக்காட்சியோ ஒரு மணி நேரம். கூட்டினால் 680 நிமிடங்கள் வருகின்றன. அதாவது 11 மணி 20 நிமிடம். உணவு வேளையில் அமர்ந்திருப்பதை இதில் சேர்க்கவில்லை. எட்டு மணி நேரத் தூக்கத்தையும் கழித்துவிட்டால், குளிப்பதற்கும் உண்பதற்கும் உடுத்துவதற்கும் விளையாடுவதற்கும் சேர்த்து மிஞ்சுவது நான்கே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதில் விளையாட்டின் பங்கு பெரும்பாலும் சுழியம்.

இவ்வளவு நேரம் நாற்காலியில் இருக்கும் பெரியவரைக் காண்பது அரிது. வங்கி எழுத்தர் வேலைகூட ஒரு காலத்தில் இப்படி இருந்ததில்லை. கனத்த பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் மேசைக்கும் காசாளர் கூண்டுக்கும் நாள் முழுவதும் நடந்தவர்களை மூத்த வாடிக்கையாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

உட்கார்ந்தே வேலை செய்வதால் உடல் கெடும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குனிந்து அமர்ந்தே பணிபுரியும் தையற்காரர்களும் செருப்புத் தைப்போரும் அடையும் துன்பங்களை அதில் விவரித்து, விடுமுறை நாள்களிலாவது அவர்கள் உடலை இயக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஆனால் எண்களோடு கூடிய முதற்பெரும் சான்று 1953இல்தான் கிடைத்தது. அதைத் தந்தவை இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகள்.

மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸும் அவருடைய குழுவினரும் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் இருக்கையில் இருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே புகையில், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை நிலையில் இருப்பவர்கள். ஆயினும் ஓட்டுநர்களைக் காட்டிலும் நடத்துநர்களிடையே இதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் அது சற்றுத் தாமதமாகவும் தீவிரம் குறைந்தும் வந்தது. அஞ்சல் துறையில் நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொடுத்தவர்களை அமர்ந்து பணியாற்றியவர்களோடு ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தெரிந்தது.

மாரிஸ் நேர்மையான அறிஞர். 1956இல் அவரே தம் முடிவை மறுபரிசீலனை செய்து, இரு சாராரின் சீருடை அளவுகளைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பணியில் சேர்ந்த இளவயதிலேயே சற்றுப் பெரிதாக இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் இருக்கையின் மீது போட இயலாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதிசெய்தன. தாமே நாள்தோறும் உடற்பயிற்சி செய்துவந்த அவர் 99 வயது வரை வாழ்ந்தார்.

அமர்ந்திருக்கும்போது உடலுக்குள் நடப்பது என்ன? உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. நாம் நாற்காலியில் சாய்ந்தவுடன் அவை ஏறத்தாழ முற்றிலும் ஓய்ந்துவிடுகின்றன. சுருங்கி விரியும் தசை இரத்தத்திலுள்ள குளுக்கோஸை இன்சுலினின் உதவியின்றியே ஓரளவு உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஓய்ந்த தசைக்கு அந்த ஆற்றல் இல்லை. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பிரித்துத் தசைக்குள் அனுப்பும் நொதியின் வேலையும் அசைவற்ற தசையில் மந்தமாகிறது. உணவுக்குப் பின் அசையாமல் அமர்ந்திருந்தால் சர்க்கரையும் கொழுப்பும் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதற்கு இதுவே காரணம்.

கெண்டைக்கால் தசையை மருத்துவர்கள் இரண்டாம் இதயம் என்று சொல்வதுண்டு. நடக்கும்போது அது காலிலுள்ள சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அமர்ந்தால் அந்த விசை நின்றுபோகிறது. அசையாமல் நின்றாலும் அப்படியே. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளுள் ஒருவர் மயங்கி விழுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். காலை உணவைத் தவிர்த்ததும் காரணமாக இருக்கலாம். ஆனால் அசைவற்ற கால்களில் இரத்தம் தேங்கி மூளைக்குச் செல்வது குறைந்ததும் அதில் பங்கு பெறுகிறது. எனவே உட்காருவதற்கு மாற்று நிற்பதன்று, அசைவதே. உயர்ந்த மேசை முன் நின்றபடி படிக்கும் ஏற்பாடு சில நாடுகளில் பரவிவருகிறது. அதற்குச் செலவிடும் தொகையில் நல்ல விளையாட்டுப் பொருள்கள் வாங்கலாம் என்பது என் எண்ணம்.

இளம்பிள்ளைகளின் உடல் இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். 2015இல் வெளியான இரண்டு சிறு ஆய்வுகள் அந்த எண்ணத்தை அசைத்தன. கனடாவில் 7 முதல் 10 வயது வரையிலான சிறுமியரைத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் அமரவைத்துப் பார்த்தனர். அவர்களுடைய கால் தமனியின் விரியும் திறன் கணிசமாகக் குறைந்தது. அதே சிறுமியர் வேறொரு நாளில் மணிக்கொருமுறை பத்து நிமிடம் மிதமாக மிதிவண்டிப் பயிற்சி செய்தபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை. அமெரிக்காவில் 7 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், அரை மணிக்கொருமுறை மூன்று நிமிடம் நடந்த நாளில் இன்சுலின் அளவு, தொடர்ந்து அமர்ந்திருந்த நாளைவிட ஏறத்தாழ 32 விழுக்காடு குறைவாக இருந்தது. இரண்டிலும் பங்கேற்றவர்கள் சிலரே. அளந்ததும் சில மணி நேர விளைவைத்தான். ஆனால் பள்ளி நாளில் அந்த மூன்று மணி நேரம் வாரத்துக்கு ஐந்தாறு நாள், ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தியர்களாகிய நமக்கு இதில் கவலை கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது. நீரிழிவின் விளிம்பில் இருப்போர் 13.6 கோடி. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையிலானோருள் பத்தில் ஒருவர் ஏற்கெனவே அந்த விளிம்பில் நிற்பது தெரியவந்தது. நடுவயதில் மருத்துவமனைக் கட்டணமாக வரும் செலவு பள்ளி வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது.

எலும்பின் கதை இன்னும் கூர்மையானது. பிள்ளைகள் வேகமாக உயரும் பருவத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்தோர் உடலில் இருக்கும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கு இப்பருவம் 12, 13 வயதில் வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு அதற்கு ஓரிரு ஆண்டு கழித்து. குதித்தும் ஓடியும் தரையில் மோதும் கால்களின் எலும்பே தன்னை வலுவாகக் கட்டிக்கொள்கிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்கள் எடுத்துச் செலவிடுவது இந்த இருப்பைத்தான். பிற்காலத்தில் புதிதாகப் பெரிய வைப்பு எதையும் சேர்க்க முடியாது. நம் வீடுகளிலோ, பெண் பிள்ளைகள் ஓடியாடுவது நிறுத்தப்படுவது பெரும்பாலும் இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் இயக்கம் வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பள்ளி மாணவர்களுள் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. இந்தியாவின் எண் ஏறத்தாழ 74. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வை நடத்தியவர்கள் இதற்குக் கூறும் விளக்கத்தைப் படித்தால் மகிழ்ச்சி குறைகிறது. சிறுவர்களுக்குக் கிரிக்கெட் போன்ற விளையாட்டுகள் துணைநிற்கின்றன. சிறுமியருக்கோ வீட்டு வேலை. தண்ணீர் சுமப்பதும் பெருக்குவதும் துவைப்பதும் நம் பெண் பிள்ளைகளின் கணக்கில் உடற்பயிற்சியாக வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. உடலுக்கு அதுவும் அசைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு நம் பள்ளிகள் தம்மைப் பாராட்டிக்கொள்ள முடியாது.

சட்டத்திலும் விதியிலும் குறையில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு உடற்கல்விப் பாடவேளையைக் கட்டாயமாக்கியது. நடைமுறை எப்படி என்பதைப் பிள்ளைகளிடமே கேட்கலாம். விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். நம் நாட்டில் மிகத் தாராளமாக வழங்கப்பட்டு ஒருபோதும் திருப்பிச் செலுத்தப்படாத கடன் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாடவேளை கால அட்டவணையில் மட்டுமே இருக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொல்வது, தோப்புக்கரணம் போடச் சொல்வது, வகுப்பில் பேசியவளுக்கு விளையாட்டு நேரத்தை வெட்டுவது ஆகியன இன்றும் நடக்கின்றன. அமைதியாக உட்காருவது ஒழுக்கம், ஓடுவது தண்டனை என்று பத்தாண்டுகள் கற்பித்துவிட்டு, நாற்பது வயதில் அதே மனிதரிடம் மருத்துவர் தினமும் நடங்கள் என்று சொன்னால் அவர் கசப்பு மருந்தைப் போல அதை ஏற்பதில் வியப்பென்ன?

படிப்புக் கெட்டுவிடும் என்பதே பெற்றோரின் அச்சம். ஆய்வுகள் அந்த அச்சத்துக்குத் துணைநிற்கவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 20 நிமிடம் நடந்த பின் தேர்வெழுதிய ஒன்பது வயதுச் சிறுவர்கள், அமர்ந்திருந்துவிட்டுத் தேர்வெழுதிய நாளைவிடக் கூர்ந்து கவனித்தனர். வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மேம்பட்டிருந்தனர். நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் கணிதத்தையும் எழுத்துக்கூட்டலையும் குதித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் கற்கும் முறையை இரண்டாண்டுகள் நடத்திப் பார்த்தனர். பெருக்கலுக்கு விடை எத்தனையோ அத்தனை முறை குதிக்க வேண்டும். அவ்வாறு கற்றவர்கள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களை முந்தினர். வாசிப்பில் மட்டும் வேறுபாடு இல்லை. விளையாட்டு நேரத்தைக் கூட்டியதால் மதிப்பெண் பெருமளவு உயர்ந்தது என்று எல்லா ஆய்வுகளும் சொல்லவில்லை. ஆனால் குறைந்தது என்று சொல்லும் ஆய்வைக் காண்பது கடினம்.

கண்ணையும் மறந்துவிடக் கூடாது. தில்லியில் ஏறத்தாழ 10,000 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 13 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதிக நேரம் வெளியில் விளையாடியவர்களிடம் அது குறைவு. சீனாவின் குவாங்சௌ நகரில் ஆறு தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் திறந்தவெளி வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து மூன்றாண்டுகள் கவனித்தனர். அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தோர் 30 விழுக்காடு. வழக்கம்போல் நடந்த மற்ற ஆறு பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு. பகல் வெளிச்சமே இங்கு மருந்து என்று கருதப்படுகிறது. மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்கு ஓரளவு நன்மை உண்டு. உடலுக்குத்தான் இல்லை.

மாற்றம் செய்தவர்கள் பெருஞ்செலவு செய்யவில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்த எலைன் வைலி, தம் மாணவர்கள் சிறிது ஓடினாலே களைத்துப்போவதைக் கண்டு, 2012இல் நாளொன்றுக்கு 15 நிமிடம் வகுப்பாகச் சென்று பள்ளியைச் சுற்றி ஓடவோ நடக்கவோ வைத்தார். சீருடை மாற்ற வேண்டியதில்லை, போட்டி இல்லை, கருவி இல்லை. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதைப் பின்பற்றுகின்றன. பின்லாந்தில் 45 நிமிட வகுப்புக்குப் பின் 15 நிமிட இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். குளிர்காலத்திலும் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2019இன் இறுதியில் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்காகத் தனியே மணியடிக்கத் தொடங்கினார்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அது பரவியது. கழிப்பறைக்குப் போகக் கூசித் தண்ணீரே குடிக்காத மாணவியரை எண்ணிச் செய்த ஏற்பாடு அது. அந்த மணிக்கு எல்லாரும் எழுந்து வராந்தா வரை நடந்து சென்று குடித்துவிட்டு வந்தால், மேற்சொன்ன மூன்று நிமிட நடை கைக்கு வந்துவிடும். பையிலிருந்து புட்டியை எடுத்து இருந்த இடத்திலேயே குடித்தால் நீர் மட்டும் கிடைக்கும். எப்படி நடக்கிறது என்பது வகுப்பாசிரியர் கையில் இருக்கிறது.

தரையில் அமர்ந்து படித்த தலைமுறைக்கு ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்கள் நாளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓய்வில்தான் இருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. ஆனால் அவர்கள் ஓய்வெடுப்பது குந்தியும் மண்டியிட்டும். அந்நிலைகளில் கால் தசைகள் நாற்காலியில் இருப்பதைவிட விழிப்பாக உள்ளன. நம் வீடுகளில் கீழே அமர்ந்து உண்டு, கையூன்றாமல் எழுந்த காலத்தில் நாமும் அதைத்தான் செய்துவந்தோம். இன்றும் வீட்டுப்பாடத்தின் ஒரு பகுதியைப் பாயில் அமர்ந்து செய்வதில் தவறில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டியைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பெற்றோர் செய்யக்கூடியவற்றுள் மிகவும் பயனுள்ளது பள்ளிக்குச் செல்லும் நாளில் ஒரு கேள்வி கேட்பது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கணித மதிப்பெண் குறித்துப் பத்து நிமிடம் பேசும் நாம், சென்ற மாதம் எத்தனை விளையாட்டுப் பாடவேளைகள் உண்மையில் நடந்தன என்று கேட்பதில்லை. பத்துப் பேர் கேட்டால் தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டுவார். சேர்க்கையின்போது குளிரூட்டப்பட்ட வகுப்பறையைக் காட்டுகிறார்களே, மைதானத்தையும் காட்டச் சொல்லலாம். அது வாகன நிறுத்துமிடமாக மாறிவிட்டதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

வீட்டிலும் வழியுண்டு. வார நாள்களில் முழுவதும் அமர்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓடி ஈடுசெய்யலாம் என்ற கணக்கு முழுமையாகச் செல்லாது. சிறு சிறு தவணைகளே உடலுக்கு உகந்தவை. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஆய்வு, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர்வோர் அதனால் கூடும் இறப்பு அபாயத்தை முற்றிலும் நீக்க, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் வரை வேகமாக நடக்க வேண்டும் என்று கணக்கிட்டது.

தொடக்கத்தில் எழுதிய மாணவியின் கணக்குக்குத் திரும்புவோம். வேன் நேரத்தையும் டியூஷனையும் அவளால் மாற்ற முடியாது. அரை மணிக்கொருமுறை வீட்டுப்பாடத்திலிருந்து எழுந்து மூன்று நிமிடம் நடந்தால் இரண்டு மணி நேரத்தில் 12 நிமிடம். பாடவேளை மாறும் ஏழு முறையும் ஆசிரியர் அனுமதியோடு இரண்டு நிமிடம் எழுந்தால் 14 நிமிடம். வேனிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாகவே அம்மாவோடு இறங்கி நடந்தால் ஒரு 10 நிமிடம். கணித ஆசிரியர் கடன் வாங்காத ஒரு பாடவேளை 40 நிமிடம். மொத்தம் 76.